பிரெஞ்சு டேஸ்டிங் மெனு: கொடுக்கிற பணத்துக்குத் தகுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாரிஸ் போகவிருக்கும் ஒரு தம்பதி, ஒரு வேளையாவது பெரிய பிரெஞ்சு உணவகத்தில் டேஸ்டிங் மெனு (சமையல்காரரே முடிவு செய்து வரிசையாக அனுப்பும் சின்னச் சின்னத் தட்டுகள்) சாப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். கணவர் எல்லாம் சாப்பிடுவார், மனைவி இறைச்சியும் மீனும் தொடமாட்டார், இருவருக்கும் மதுப் பழக்கம் இல்லை. அவ்வளவு பணம் கொடுப்பது தகுமா, நூற்றுக்கணக்கான உணவகங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது, உள்ளே போய்த் திருதிருவென்று விழிக்க வேண்டி வருமா என்பதுதான் கணவர் கேட்டது. பதிலை அவருக்கே சொல்கிறேன்.

தகும். ஆனால் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால்தான் தகும். இப்படிப்பட்ட உணவகங்களில் பரிமாறும் பக்கத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முகம் மலர்ந்து எழுந்து போகிறவர்கள் பெரும்பாலும் எந்த மாதிரிச் சமையலைச் சாப்பிடப் போகிறோம் என்று தெரிந்து வந்தவர்கள். மிஷெலின் என்ற உணவகக் கையேடு தரும் நட்சத்திர எண்ணிக்கையை மட்டும் பார்த்து வந்தவர்கள் பலர் கடைசித் தட்டு வரும்போது களைத்துப் போயிருப்பார்கள். அதனால் எந்த உணவகம் என்பதற்கு முன்னால், அந்தச் சமையல் என்ன செய்ய முயல்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்துவிட்டால் தேர்வு தானாக அமையும்.

டேஸ்டிங் மெனுவில் தேர்ந்தெடுக்கும் வேலை உங்களுடையது இல்லை. ஐந்திலிருந்து பத்துப் பன்னிரண்டு தட்டுகள் வரை வரும். ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு வாய்தான் இருக்கும். மொத்தம் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். என்ன வரப் போகிறது, எந்த வரிசையில் வரும் என்பதெல்லாம் சமையல்காரர் முடிவு. பிடித்த ஒரு பொருளை வயிறு நிறையச் சாப்பிட வேண்டும் என்பது உங்கள் ஆசையானால், பிஸ்ட்ரோ என்ற எளிய சின்ன உணவகம் நல்லதாக ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு செலவில் அதைவிடச் சந்தோஷமாகச் சாப்பிடலாம். அதில் குறை ஒன்றும் இல்லை. டேஸ்டிங் மெனு ஒருவருடைய சிந்தனையை முதலிலிருந்து கடைசிவரை தொடர்ந்து சுவைத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கானது.

ஏன் இவ்வளவு சின்னச் சின்னதாகக் கொடுக்கிறார்கள் என்று பலர் கேட்பார்கள். எந்தச் சுவையானாலும் முதல் சில வாயில்தான் நாக்கு அதை முழுக் கவனத்தோடு வாங்கிக்கொள்கிறது. அதே பொருளைத் தொடர்ந்து சாப்பிடச் சாப்பிட ஆர்வம் குறைகிறது. வேறு பொருள் வந்ததும் பசி மறுபடி விழித்துக்கொள்கிறது. டேஸ்டிங் மெனு கட்டப்பட்டிருப்பதே இந்த இயல்பின் மேல்தான். கவனம் தளரும் முன்பே தட்டு மாறிவிடும்.

பிரான்ஸில் இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. பழைய பிரெஞ்சு விருந்துகளில் பல பதார்த்தங்களை ஒரே நேரத்தில் மேசை நிறையப் பரப்பி வைப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான், ரஷ்யர்களின் வழக்கத்தைப் பார்த்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சூடாகக் கொண்டுவரும் முறை பரவியது. எஸ்கோஃபியே என்ற சமையல்காரர் 1903-இல் வெளியிட்ட தன் பெரிய சமையல் கையேட்டில் அந்தக் காலத்துச் சாஸ்களையும் முறைகளையும் ஒழுங்குபடுத்தி வைத்தார். அடுத்த அரை நூற்றாண்டுக்குப் பெரிய உணவகங்கள் அதைப் பிசகாமல் பின்பற்றின. ஒரே பெயருள்ள பதார்த்தம் எந்த ஊரில் சாப்பிட்டாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அதுதான் அப்போது பெருமை.

அதை உடைத்த சமையல்காரர்கள் 1960-களிலும் 70-களிலும் வந்தார்கள். போல் போக்யூஸ், மிஷேல் கெரார், அலென் ஷபேல், ரோவான் ஊரில் த்ருவாக்ரோ சகோதரர்கள். இதில் த்ருவாக்ரோ சகோதரர்களின் சால்மன் மீனை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மீனைத் தடிமனான துண்டாக வேகவைத்து மேலே சாஸ் ஊற்றுவதுதான் அதுவரை வழக்கம். அவர்கள் மீனை அகலமான மெல்லிய வில்லையாக அரிந்தார்கள். ஒட்டாத வாணலியில், எண்ணெயே இல்லாமல், ஒரு பக்கம் சில விநாடி, மறுபக்கம் அதைவிடக் குறைவாக. அவ்வளவுதான் சமையல். சாஸ் வெள்ளை ஒயின், வெர்மூத் என்ற மூலிகை ஒயின், மீன் எலும்புச் சாறு, சின்ன வெங்காயம், கிரீம் எல்லாம் வற்றி வந்தது. கடைசியில் புளிப்பான சோரல் கீரையைப் பிய்த்துப் போட்டால் அது சூட்டில் உடனே சுருண்டு நிறம் மாறும். அந்தச் சாஸை முதலில் தட்டில் பரப்பி, மீனை அதன்மேல் வைத்தார்கள். மேலே ஊற்றியிருந்தால் மெல்லிய மீன் சாஸின் சூட்டிலேயே மேலும் வெந்துவிடும். பரிமாறுபவர் மேசையில் பிரித்து வைப்பதற்கும் இதில் வழியில்லை. சமையலறையிலேயே தட்டில் அமைத்து அனுப்பியாக வேண்டும். மீனை அரியும் விதம் மாறியதால் பரிமாறும் முறையே மாறிப்போனது. நான் புதுமை என்று மதிப்பது இந்த மாதிரி மாற்றத்தைத்தான்.

1973-இல் ஆன்ரி கோ, கிறிஸ்தியான் மியோ என்ற இரண்டு விமர்சகர்கள் இந்தப் போக்குக்கு ‘நுவெல் குயிஸீன்’ (புதிய சமையல்) என்று பெயர் வைத்துப் பத்துக் கட்டளைகள் எழுதினார்கள். அதிகமாக வேகவைக்காதே, நல்ல புதிய பொருளை வாங்கு, மெனுவைச் சுருக்கு, கனத்த சாஸ்களை விடு என்றெல்லாம் போகும் அந்தப் பட்டியல். அதில் எனக்கு முக்கியமாகப் படுபவை இரண்டு. ‘எதற்கெடுத்தாலும் நவீனமாக இருக்காதே’ என்பது ஒன்று, ‘புதிதாகக் கண்டுபிடி’ என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே பட்டியலில் இருக்கின்றன, இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் கஷ்டம். இன்றைக்கும் ஓர் உணவகத்தை இதே இரண்டை வைத்து எடை போடலாம். அப்புறம், அந்தத் தலைமுறைச் சமையல்காரர்கள் பலர் ஜப்பானுக்குப் போய்வந்தார்கள். அங்கே கைசெகி விருந்தில் பருவத்துக்கு ஏற்ற சின்னத் தட்டுகள் வரிசையாக வருவதைப் பார்த்தார்கள். இன்றைய டேஸ்டிங் மெனுவில் அதன் சாயல் நிறையவே உண்டு.

நான் சொல்கிற புதுமைக்கு இன்னும் இரண்டு உதாரணங்கள். லாகியோல் என்ற மலைப்பக்கத்துச் சின்ன ஊரில் மிஷேல் ப்ரா 1980 வாக்கில் உருவாக்கிய ‘கர்கூயூ’ ஒரு காய்கறித் தட்டு. அந்த வட்டாரத்தில் உருளைக்கிழங்கும் பன்றித் தொடையும் சேர்த்துச் செய்யும் எளிய உணவின் பெயரை எடுத்துக்கொண்டு, பத்துக்கணக்கான காய்கள், இலைகள், பூக்கள், விதைகளை வைத்து அதைப் புதிதாகக் கட்டினார். ஒவ்வொரு காயையும் அதற்கு வேண்டிய நேரத்துக்குத் தனித்தனியே வேகவைக்க வேண்டும். காலையில் தோட்டத்தில் என்ன கிடைத்ததோ அதுதான் அன்றையத் தட்டு. உலகத்தில் எத்தனையோ உணவகங்கள் இன்றைக்குக் காய், இலை, பூ என்று அடுக்கி வைப்பதற்கு அடி அங்கே இருக்கிறது. வெட்டினால் உள்ளே இருந்து சாக்லேட் வழிகிற கேக்கையும் 1981-இல் அவர்தான் செய்தார். மாவுக்குள்ளே உறையவைத்த சாக்லேட் கட்டியை வைத்துச் சுடுவது அதன் சூட்சுமம்.

இரண்டாவது, பாரிஸில் அலென் பசார் நடத்தும் லார்பேஜ். அங்கே 2025 வரை பல வருடங்கள் தொடக்கத்தில் ஒரு முட்டை வந்துகொண்டிருந்தது. ஓட்டின் தலைப்பகுதியை மட்டும் வட்டமாக வெட்டி, வெள்ளையை வடித்துவிட்டு, மஞ்சள் கருவை ஓட்டுக்குள்ளேயே விட்டு, கொதிக்காத வெந்நீரில் மிதக்கவிடுவார்கள். ஓரம் லேசாக இறுகும், நடு அப்படியே இளகலாக இருக்கும். அதன்மேல் பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், உப்பு, மிளகு, மசாலாப் பொடி. அதற்கும் மேலே ஷெர்ரி வினிகர் சேர்த்து அடித்த குளிர்ந்த கிரீம், இரண்டு மூன்று சொட்டு மேப்பிள் பாகு. கரண்டியை அடிவரை விட்டு எடுத்தால்தான் அது முழுதாகும். மேலே சில்லென்று இருக்கும், கீழே வெதுவெதுப்பு. முதலில் இனிப்பு தெரியும், உடனே வினிகரின் புளிப்பு அதை வெட்டும், பிறகு கரு எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும். பொருட்களில் அரியது என்று ஒன்றுகூட இல்லை. எல்லாமே கடையில் கிடைப்பவை. எதன்மேல் எது, எந்தச் சூட்டில் எது என்பதில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது.

அதனால் ஓர் உணவகம் புதுமையானதா, வெறும் வேடிக்கையா என்று சந்தேகம் வந்தால், தட்டைப் பார்த்து நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: இதிலிருந்து ஒரு பொருளை எடுத்துவிட்டால் சுவை குறையுமா? குறையும் என்றால் அது சமையல். கண்ணாடி மூடிக்குள் புகை, கல்லின்மேல் வைத்த இரண்டு இலை, எல்லாத் தட்டிலும் ஒரே பூ, பரிமாறுபவர் மூன்று நிமிடம் சொல்லும் கதை, இவற்றை எடுத்துவிட்டால் வாய்க்குள் ஒன்றும் மாறாது என்றால், நீங்கள் பணம் கொடுப்பது அலங்காரத்துக்கு. உணவகத்தின் பக்கத்தில் இருக்கும் படங்களைப் பார்த்தே இதைப் பாதி ஊகித்துவிடலாம்.

பிரெஞ்சுச் சமையலில் கவனிக்க வேண்டிய இடம் சாஸ். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். நுவெல் குயிஸீன் கனத்த சாஸ்களை ஒதுக்கியதே தவிர, சாஸை ஒதுக்கவில்லை. எலும்பும் காய்களும் மணிக்கணக்கில் வெந்து வடிந்து வற்றிய சாறு, நான்கு கரண்டி அளவுக்குத் தட்டுக்கு வரும். ‘பெர் ப்ளான்’ என்ற வெண்ணெய்ச் சாஸை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயத்தை வெள்ளை ஒயினிலும் வினிகரிலும் ஏறக்குறைய ஈரம் வற்றும்வரை சுண்டவைத்து, அதில் குளிர்ந்த வெண்ணெயைக் கட்டி கட்டியாகப் போட்டு விடாமல் அடிப்பார்கள். சூடு சரியாக இருந்தால் பட்டுப் போலக் கூடி நிற்கும். ஏறக்குறைய 60 டிகிரியைத் தாண்டினால் எண்ணெய் பிரிந்துவிடும், ஆறினால் உறைந்துவிடும். அதனால்தான் பல இடங்களில் சாஸைக் கடைசி நொடியில் மேசையில் வைத்து ஊற்றுகிறார்கள். அதைச் சடங்கு என்று நினைத்துப் பேச்சிலோ படம் எடுப்பதிலோ நேரத்தை விட்டுவிடாதீர்கள். ஊற்றிய உடனே சாப்பிட வேண்டும். தட்டையான, ஓரத்தில் சின்ன வெட்டு உள்ள கரண்டி ஒன்று வைத்திருப்பார்கள், அது சாஸை வழித்து எடுக்கத்தான். ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சாஸ் வழித்த தட்டு உள்ளே திரும்பி வந்தால் சமையலறையில் சந்தோஷப்படுவார்கள்.

ரொட்டி என்றதும் ஒரு எச்சரிக்கை. அங்கே ரொட்டியும் வெண்ணெயும் அபாரமாக இருக்கும். பசியோடு போய் உட்கார்ந்ததும் கூடையைக் காலி செய்துவிட்டால் ஐந்தாவது தட்டிலேயே வயிறு கைவிட்டுவிடும். சாஸ் வரும்வரை ரொட்டியைக் கொஞ்சமாகத் தொடுங்கள்.

வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும். உட்கார்ந்ததும் ஒரே வாயில் போடும்படி இரண்டு மூன்று அமூஸ் பூஷ். இவை மெனுவில் எழுதப்பட்டிருக்காது, சமையல்காரரின் குணம் முதலில் தெரிவது இவற்றில்தான். பிறகு குளிர்ந்தது அல்லது பச்சையானது, அதன்பின் காய்கறி, மீன், கடைசியாக இறைச்சி. லேசானதிலிருந்து கனமானதுக்குப் போவார்கள். நடுவில் புளிப்பு ஒன்று வந்து நாக்கைத் துடைத்துவிடும். அதன்பின் சீஸ். பிரான்ஸில் சீஸ் இனிப்புக்கு முன்னால்தான் வரும், சில இடங்களில் தள்ளுவண்டியில். அதில் நான்கைந்து வகை கேட்கலாம், மென்மையான சுவையிலிருந்து அழுத்தமான சுவைக்குப் போங்கள். பிறகு ஒரு சின்ன இனிப்பு, பெரிய இனிப்பு, காபியோடு மறுபடி சின்னச் சின்ன இனிப்புகள். சீஸுக்குச் சில இடங்களில் தனிக் காசு. கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, எந்த உணவகம்? மிஷெலின் கையேட்டிலிருந்து தொடங்கலாம், ஆனால் அதிலேயே முடிக்கக் கூடாது. டயர் கம்பெனி நடத்திய அண்ணன் தம்பி இருவர் வண்டியோட்டிகளுக்காக 1900-இல் வெளியிட்ட கையேடு அது. நட்சத்திரம் 1926-இல் வந்தது, ஒன்று இரண்டு மூன்று என்ற தரவரிசை 1930-களின் தொடக்கத்தில். தங்கள் அடையாளத்தைச் சொல்லாமல் போய், பணம் கட்டிச் சாப்பிடும் ஆய்வாளர்கள் பொருளின் தரம், சமையல் நுட்பம், சுவைகளின் இசைவு, சமையல்காரரின் தனித்தன்மை, எப்போது போனாலும் மாறாத தரம் என்ற ஐந்தைப் பார்க்கிறார்கள். நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டும்தான். அறையின் ஆடம்பரம் அதில் சேராது. ஆக, நட்சத்திரம் சமையல் பிசகாது என்பதற்கு நல்ல உத்தரவாதம். உங்களுக்குப் பிடிக்குமா என்பதை அது சொல்லாது.

அதைத் தெரிந்துகொள்ளச் சமையல்காரரின் பித்து என்ன என்று பாருங்கள். பியேர் கன்யேரிடம் போனால் ஒரு தட்டுக்குப் பதில் ஒரே பொருளைச் சுற்றி நான்கைந்து சின்னக் கிண்ணங்கள் வரும். வேதியியலாளர் ஏர்வே தீஸோடு நீண்ட காலம் சேர்ந்து பரிசோதித்தவர் அவர். சேன்ட் ஏத்தியேன் ஊரில் மூன்று நட்சத்திரம் வாங்கிய அவருடைய உணவகம் 1996-இல் திவாலானது. பாரிஸுக்கு வந்து 1998-இல் மறுபடி மூன்றும் வாங்கினார். ஒன்றோடொன்று முட்டும் சுவைகள் பிடிக்கும் என்றால் அவரைப் போல் இன்னொருவர் இல்லை. அமைதியான, தெளிவான சுவை வேண்டும் என்பவருக்கு அந்தச் சாப்பாடு இரைச்சலாகத் தோன்றும். வலான்ஸ் ஊரில் ஆன் சோஃபி பிக், தாத்தாவும் அப்பாவும் மூன்று நட்சத்திரம் வாங்கிய குடும்ப உணவகத்தில் 2007-இல் தானும் மூன்று வாங்கியவர். தேயிலை, காபி, பூ, நறுமணப் பொருள்களின் மணத்தைச் சாறுகளில் இறக்குவது அவர் வழி. பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். இத்தாலிய எல்லையை ஒட்டிய மாந்தோனில் மவுரோ கொலாக்ரேக்கோவின் மிராசூர், வேர், இலை, பூ, பழம் என்று நிலவின் நாள்காட்டிப்படி மெனுவை மாற்றுகிறது. எல்லாமே நல்ல உணவகங்கள்தான், ஆனால் ஒருவருக்கு உயிராக இருப்பது இன்னொருவருக்குச் சலிப்பாக இருக்கலாம்.

முதல் முறை போகிறவர்களுக்கு என் ஆலோசனை மூன்று நட்சத்திரம் இல்லை. மூன்று நட்சத்திர இடங்களில் இரவு மெனு ஆளுக்கு 300 யூரோவைத் தாண்டுவது சாதாரணம், 400-க்கு மேலும் போகும். அங்கே சாப்பிடுபவர்கள் எத்தனை பேரோ ஏறக்குறைய அத்தனை பணியாளர்கள் இருப்பார்கள், பெரிய செலவு அதில்தான் போகிறது. அந்தத் தொகை முழுக்க மனத்தில் உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு வாயையும் கணக்குப் போட்டுச் சாப்பிடுவீர்கள். ஒரு நட்சத்திர உணவகம் ஒன்றில் மதியம் போங்கள். அதே சமையலறை, அதே கைகள், தட்டுகள் மட்டும் குறைவு. பல இடங்களில் இரவு விலையில் பாதிக்கும் கீழே முடிந்துவிடும். மூன்று மணி நேரச் சாப்பாட்டுக்குப் பின் படுக்கப் போகாமல் கொஞ்சம் நடக்கவும் முடியும். 2000-க்குப் பிறகு பாரிஸில் வெள்ளை மேசைத்துணி, பட்டுத் திரை எல்லாம் விட்டுவிட்டு, சமையலில் மட்டும் பணத்தைப் போடும் சின்ன உணவகங்கள் நிறைய வந்தன. 2011-இல் பெர்த்ரான் க்ரெபோ தொடங்கிய செப்தீம் அந்த வகையில் பேர் வாங்கியது. புதுமையை அங்கேதான் அதிகம் பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

எந்த மாதத்தில் போகிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வெள்ளை அஸ்பாரகஸும் மொரேல் காளானும். அக்டோபரிலிருந்து ஸ்காலப் சிப்பியும் காட்டு விலங்கு இறைச்சியும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை கறுப்பு ட்ரஃபிள் என்ற, மண்ணுக்கடியில் விளையும் காளான். ஆகஸ்டில் பாரிஸின் நல்ல உணவகங்களில் பல விடுமுறைக்கு மூடிவிடும். பயணத்தேதி உங்கள் கையில் இருந்தால் மே, ஜூன் நல்ல தேர்வு, காய்கறிகளுக்கு முக்கியமாக.

இப்போது உங்கள் மனைவியின் விஷயம். இதுதான் உங்கள் கேள்வியிலேயே முக்கியமான பகுதி. போன பிறகு மேசையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விடவே கூடாது. டேஸ்டிங் மெனுவின் அடித்தளம் முதல் நாளே தயாராகிவிடும். காய்கறித் தட்டு என்று பெயர் இருந்தாலும் அதன் சாஸ் கன்று எலும்புச் சாறாக இருக்கலாம், சூப்பில் கோழிச் சாறு இருக்கலாம், இனிப்பில் விலங்கு ஜெலட்டின் இருக்கலாம். புகழ்பெற்ற பிரெஞ்சு சீஸ்கள் பலவற்றில் பாலைத் திரிய வைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி. இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே பெயர் சொல்லி எழுதுங்கள். ‘சைவம்’ என்று மட்டும் எழுதினால் மீனோ எலும்புச் சாறோ வந்துவிட வாய்ப்பிருக்கிறது. முட்டை, பால் சாப்பிடுவாரா என்பதையும் சேர்த்துவிடுங்கள். முன்பதிவின்போது ஒருமுறை, இரண்டு நாள் முன்னால் இன்னொருமுறை. முழுச் சைவ டேஸ்டிங் மெனு தர முடியுமா என்று நேராகக் கேளுங்கள். ‘முயல்கிறோம்’ என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். இறைச்சியை எடுத்துவிட்டு மீதியை மட்டும் வைத்துக் கொடுக்கும் தட்டுக்கு முழு விலை கொடுப்பது அநியாயம். பல இடங்களில் டேஸ்டிங் மெனுவை மேசையில் இருப்பவர்கள் எல்லோருமே எடுக்க வேண்டும் என்ற விதி உண்டு. ஒருவருக்குச் சைவ மெனு, இன்னொருவருக்குச் சாதாரண மெனு பொதுவாகச் சரிதான், ஆனால் அதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிரெஞ்சுப் பெரிய உணவகங்களில் காய்கறிக்கு மதிப்பு இல்லை என்ற பேச்சு இன்று பொருந்தாது. மேலே சொன்ன பசார் 2001-இல், மூன்று நட்சத்திரம் கையில் இருந்தபோதே, சிவப்பு இறைச்சியை மெனுவிலிருந்து எடுத்தார். தன் சொந்தத் தோட்டங்களின் காய்களை நடுவில் வைத்துச் சமைத்தார், நட்சத்திரங்கள் போகவில்லை. 2025-இல் இன்னும் ஒருபடி போய், தேன் தவிர எல்லாமே தாவரப் பொருள் என்று ஆக்கிவிட்டார். அந்த முட்டையும் அதோடு போனது. விலை கூடத்தான். ஆனால் இருவரும் ஒரே தட்டைச் சாப்பிட்டு ஒரே தட்டைப் பற்றிப் பேசலாம் என்பது உங்களுக்குப் பெரிய விஷயமாக இருக்கும். முதல் முறைக்கு மூன்று நட்சத்திரம் வேண்டாம் என்று சொன்னேன், ஆனாலும் பணம் இடம் கொடுத்தால் உங்கள் இருவருக்கும் நான் சொல்லும் பெயர் அதுதான். ஒவ்வாமை இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய தகவலை உணவகம் கொடுத்தே ஆக வேண்டும்.

மது வேண்டாம் என்பதில் சங்கடமே படாதீர்கள். தட்டுக்கு ஏற்ற ஒயின் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதுபோல, மது இல்லாத பானங்களையும் தட்டுக்குத் தட்டு சேர்த்துக் கொடுக்கும் இடங்கள் இப்போது நிறைய. காய்ச்சாறு, குளிரவைத்த தேநீர், புளிக்கவைத்த பழச்சாறு என்று வரும். நன்றாகச் செய்யும் இடங்களில் அவை அருமையாக இருக்கும், சில இடங்களில் வெறும் இனிப்பு. இனிப்பாக வந்தால் அடுத்த தட்டின் சுவையைக் கெடுத்துவிடும். அப்போது தண்ணீருக்கு மாறிவிடுங்கள். சாஸில் ஒயின் சேர்ந்திருக்கும், சுண்டினாலும் முழுக்கப் போகாது. அதுவும் கூடாது என்றால் முன்கூட்டியே எழுத வேண்டும். தண்ணீர் பாட்டில் வேண்டுமா என்று கேட்பார்கள், பாட்டில் என்றால் பில்லில் வரும். ‘கராஃப் தோ’ என்றால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும். பிரான்ஸில் சாப்பாட்டோடு அது கேட்பவர்களுக்குக் கொடுக்க வேண்டியது சட்டம், எவ்வளவு பெரிய உணவகமானாலும்.

திருதிருவென்று விழிப்பது பற்றி. பரிமாறும் பக்கத்தில் நின்றவன் சொல்கிறேன், முதல் முறை வருகிறவர்களை எங்களுக்குப் பிடிக்கும். எது எப்படிச் சாப்பிடுவது என்று கேட்கும் மேசைக்கு நாங்கள் இரண்டு மடங்கு நேரம் கொடுப்போம். ‘இதுதான் எங்களுக்கு முதல் முறை’ என்று உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள். தட்டைச் சுற்றிக் கத்தியும் கரண்டியும் வரிசையாக இருந்தால் வெளியே இருப்பதிலிருந்து உள்ளே வாருங்கள். பல இடங்களில் தட்டு மாறும்போது அவையும் மாறும். முடித்துவிட்டால் கத்தியும் முள்கரண்டியும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து வையுங்கள், அது எடுத்துக்கொள்ளலாம் என்ற சைகை. பிடிக்காததை மிச்சம் வைக்கலாம். ஏன் என்று அக்கறையாகக் கேட்பார்கள், உண்மையைச் சொல்லுங்கள். கழிவறைக்குப் போக வேண்டுமானால் தட்டை எடுத்த உடனே போய்விடுங்கள். அடுத்த தட்டு தயாராகும் நேரத்தில் ஒருவர் எழுந்துபோனால், இரண்டு தட்டையும் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும், சில நேரம் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். உடை சுத்தமாக, கொஞ்சம் நேர்த்தியாக இருந்தால் போதும். கோட்டு கட்டாயமாகக் கேட்கும் இடங்கள் குறைவு, இருந்தால் முன்பதிவிலேயே சொல்லிவிடுவார்கள்.

முன்பதிவு பெரும்பாலும் இணையத்தில்தான். எத்தனை வாரம் முன்னால் திறக்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், அந்த நாளையும் மணியையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கார்டு எண் கேட்பார்கள். வராமல் போனால் ஆளுக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொள்வதும் உண்டு, அந்த விதியைப் படித்துவிட்டே அழுத்துங்கள். மதியம் பன்னிரண்டரைக்கு மேசை என்றால் பன்னிரண்டரைக்கு இருக்க வேண்டும். சின்னச் சமையலறைகள் எல்லா மேசைக்கும் ஒரே ஓட்டத்தில் தட்டு அனுப்பும், அரை மணி தாமதமாகப் போனால் அந்த ஓட்டத்தில் உங்களைச் சேர்ப்பது கடினம். சனி ஞாயிறு மூடும் இடங்கள் பல, அதையும் பயணத்திட்டம் போடும்போதே பார்த்துவிடுங்கள். அன்று காலை லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முழுப் பட்டினியோடு போனால் ரொட்டியில் விழுந்துவிடுவீர்கள். வாசனைத் திரவியம் அன்றைக்கு வேண்டாம், பக்கத்து மேசைக்கும் சேர்த்து உணவின் மணம் போய்விடும்.

பில் நீங்கள் கேட்டால்தான் வரும். கேட்காமல் கொண்டுவந்து வைப்பது அங்கே மரியாதைக் குறைவு, அதனால் வரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். அச்சிட்ட விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடங்கியிருக்க வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். டிப்ஸ் கட்டாயம் இல்லை, மனம் நிறைந்திருந்தால் கொஞ்சம் விட்டுவிட்டு வரலாம். மெனு விலைக்கு மேலே வரக்கூடியவை தண்ணீர் பாட்டில், பானங்கள், காபி, ட்ரஃபிள் போல ‘கூடுதல்’ என்று மெனுவில் போட்டிருப்பவை. ட்ரஃபிள் சீவட்டுமா என்று மேசையில் கேட்டால், அதற்குத் தனி விலையா என்று தயங்காமல் கேட்டுவிடுங்கள்.